நீலம் மாறாத குழாய்

போன ஆடி மாதம் எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு ஒரு மருத்துவ முகாம் நடத்தினார்கள். இப்போதெல்லாம் விரல் நுனியில் ஊசி குத்தி, ஒரு துளி ரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிடுகிறார்கள். எனக்கும் பார்த்தார்கள். சர்க்கரை இருப்பது பல வருஷமாகத் தெரிந்ததுதான். சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன். அங்கிருந்த நர்ஸ் பெண் விடவில்லை.

"அம்மா, அந்தத் திரைக்குப் பின்னாடி கொஞ்சம் வாங்க. மார்புல கட்டி ஏதாச்சும் இருக்கான்னு பாத்துடலாம்."

"நான் சக்கரைக்குத்தானம்மா வந்தேன்?"

"சக்கரை இருக்கறதாலதாம்மா கூப்புடறேன்."

அவள் பொறுமையாக விளக்கினாள். சர்க்கரை நோய் உள்ள பெண்களுக்கு, அதிலும் மாதவிடாய் நின்ற வயதில், மார்பில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாம். சர்க்கரை இருந்தால் அதுவும் வந்துதான் தீரும் என்று பயப்பட வேண்டியதில்லையாம். பெருத்த உடம்பும் ரத்தத்தில் இன்சுலின் மிகுந்து நிற்பதும் காரணமாக இருக்கலாம் என்று சொல்கிறார்களாம். "இன்னொண்ணும் இருக்கும்மா. சக்கரைக்காரங்களுக்குக் கட்டிய லேட்டாத்தான் கண்டுபுடிக்கறாங்க. டாக்டர், நர்ஸ், வீட்டுக்காரங்க எல்லாரும் சக்கரையவே பாத்துக்கிட்டு இருந்துடறாங்க" என்றாள்.

நான் எழுந்த நாற்காலியிலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டேன். மயக்கம் என்று நினைத்து அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். நானும் ஒரு காலத்தில் ஜவ்வாது மலையில் இதே வேலையில் இருந்தவள்தான் என்று சொன்னேன். அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "எங்க பணியாளர் மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்கம்மா. அந்தக் காலத்துல நீங்க பட்ட கஷ்டம், காப்பாத்துன உயிரு எல்லாம் எழுதுங்க" என்றாள்.

காப்பாற்றிய உயிர்களும் உண்டு. முருகன் அருளால் என் கையில் பிறந்த பிள்ளைகள் அந்த மலையில் நிறையப் பேர். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு முகம்தான் எதிரில் வந்து நிற்கிறது. அந்த முகத்தை நேராகப் பார்க்க இன்றைக்கும் என்னால் முடியவில்லை.

நான் எட்டாம் வகுப்புவரை படித்தவள். பிரசவம் பார்க்கும் பயிற்சி முடித்து, கல்யாணமும் முடிந்து, வனத்துறையில் காவலராக இருந்த என் வீட்டுக்காரரோடு மலைக்குப் போனேன். காவலூர்ப் பக்கத்தில் ஓடு வேய்ந்த ஒரு சின்ன மருந்தகம். அங்கே டாக்டர் ஒருவர், கம்பவுண்டர் ஒருவர், அப்புறம் நான். நெல்லிவாசல் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் நடந்தே வருவார்கள். பிரசவம் இல்லாத நாளில் காயத்துக்குக் கட்டுப் போடுவது, ஊசியைக் கொதிக்க வைப்பது, மருந்து போடுவது எல்லாம் என் வேலை. பேருக்குத்தான் நான் மருத்துவச்சி. ஊர் என்னை நர்ஸம்மா என்று கூப்பிட்டது.

எங்கள் டாக்டர் கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. நோயாளி நிற்கும்போது தான் உட்காரமாட்டார். கந்தல் கட்டிய கிழவனானாலும் "உட்காருங்கோ" என்று சொல்லி, அவர் உட்கார்ந்த பிறகுதான் தன் நாற்காலியை இழுப்பார். கை கழுவுவதைப் பார்த்தால் பூஜைக்குப் போகிறவர் மாதிரி இருக்கும். ஒவ்வொரு விரலிடுக்கிலும் சோப்பைத் தேய்த்து, நகத்தைப் பார்த்து, மறுபடியும் கழுவுவார். பெண்கள் விஷயத்தில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. எந்தப் பெண்ணையும், மலைக்காரியோ மண்டிக்காரர் மனைவியோ, மாராப்பை விலக்கச் சொல்லமாட்டார். தட்டிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்பார். நான் அந்தப் பக்கம் நின்று தொட்டுப் பார்த்துப் பதில் சொல்வேன்.

"சூடு இருக்கா?"

"இல்லீங்க."

"நடுவுல மெத்துன்னு அமுங்கறதா?"

"கொஞ்சம் அமுங்குதுங்க."

"அப்போ பழுக்கறது. நாளைக்குப் பார்ப்போம்."

புறங்கையால் சூடு பார்ப்பதும், இரண்டு விரலை வைத்து ஒன்றால் அழுத்தி, மற்றதில் உள்ளே சீழ் தளும்புகிறதா என்று பார்ப்பதும் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தவை. முதலில் தன் கன்னத்தை ஊதிக் காட்டி, "இது சீழ்க் கட்டி" என்பார். நெற்றியைத் தொட்டு, "இது சீழ் இல்லை" என்பார். "நீங்கதாம்மா என் கை" என்று ஒரு தடவை எல்லார் எதிரிலும் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாமிக்கு விளக்கேற்றும்போது எனக்குக் கர்வமாகத்தான் இருந்தது.

சர்க்கரை பார்ப்பதற்கு அப்போது ரத்தம் எடுப்பதில்லை. ஒன்றுக்கைத்தான் பார்ப்போம். பெனடிக்ட் என்ற நீலக் கரைசல் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம், அதில் எட்டுச் சொட்டு சிறுநீர். ஸ்பிரிட் விளக்கில் குழாயைச் சாய்த்துப் பிடித்து, வாய்ப்பக்கம் நம்மைப் பாராமல் திருப்பி, பொங்கிவிடாமல் ஆட்டிக்கொண்டே கொதிக்க வைக்க வேண்டும். ஆறவிட்டால் நிறம் சொல்லும். நீலமே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் அதிகம், செங்கல் நிறத்துக்குப் போனால் மிக அதிகம். டாக்டர் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறத்தின் பெயரை மட்டும் சொல்வார்.

மலைக்காரர்கள் சாமையும் கேழ்வரகும் தின்று, ஏற்ற இறக்கத்தில் நடக்கிறவர்கள். அவர்கள் குழாய் பெரும்பாலும் நீலமாகத்தான் நிற்கும். சடையன் என்று ஒருவர் ஒருநாள் கம்பவுண்டரிடம் சண்டைக்கே போய்விட்டார். "இன்னாய்யா இது, மண்டிக்காரங்க ஒண்ணுக்கு மட்டும் செவப்பா செவக்குது, எங்களுதுக்கு நிறமே இல்லியா? நல்லாக் காச்சுய்யா!" கம்பவுண்டர் சிரிக்காமல், "உனக்குச் செவக்கணும்னா முதல்ல ஒரு மண்டி வையி" என்றார்.

அந்த மண்டி கரீம் பாயுடையது. வாணியம்பாடிக்காரர். தோல் பதனிடும் ஷாப்புகளுக்காக மலையில் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் வாங்கி இறக்குவார். புளிக் காலத்தில் புளியும் வாங்குவார். அவர் மனைவி ஜைபுன்னிசாவை ஊரே பாயம்மா என்றுதான் கூப்பிடும். ஐம்பது கடந்தவர், கனத்த உடம்பு, உடம்பை மீறிய சிரிப்பு. அந்த ஊரில் குழாய் செங்கல் நிறத்துக்குப் போனது அவருக்குத்தான்.

தினம் காலையில் இன்சுலின் போட நான்தான் அவர் வீட்டுக்குப் போவேன். ஈர மணலில் பதித்த பானைக்குள் மருந்து சீசாவை வைத்திருப்பார்கள். ஊசி போட்டதும் எனக்கு ஒரு டம்ளர் டீ வரும்.

"நீ குடி நர்ஸம்மா, நான் வாசம் புடிக்கிறேன். வாசத்துல சக்கரை ஏறாதுன்னு உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்" என்பார்.

நான் கிருத்திகை விரதம் இருக்கிற நாளில் டீ வேண்டாம் என்றால், "நீ உன் சாமிக்காவ பட்டினி, நான் உன் டாக்டருக்காவ பட்டினி. யாரு சாமி பெரிசுன்னு பாத்துடலாம்" என்று சிரிப்பார். ரம்ஜானில் நோன்பு வைக்கக்கூடாது என்று டாக்டர் தடுத்தபோது மட்டும் அழுதார். நானும் கூட உட்கார்ந்து அழுதேன். எங்களுக்குள் அப்படி ஒரு பழக்கம்.

ஒரு மழைக்காலத்தில் பாயம்மாவுக்குப் பிடரியில் பெரிய கட்டி வந்தது. சர்க்கரைக்காரர்களுக்கு வருகிற ராஜபிளவை. வலியே அதிகம் தெரியவில்லை என்றார். சர்க்கரை நரம்பை மரக்க வைத்துவிடும், அதனால் வலி தெரியாது என்று டாக்டர் விளக்கினார். பிடரி என்பதால் அவரே பார்த்தார், கீறினார். நான் தினம் கட்டுப் போட்டேன். ஆனால் ஒன்றுக்கில் நிறம் இறங்கும்வரை புண் ஆறவில்லை. மஞ்சளுக்கு வந்தபோது வற்ற ஆரம்பித்தது, பச்சைக்கு வந்தபோது மூடிக்கொண்டது. நாங்கள் மூவரும், டாக்டர், கம்பவுண்டர், நான், அதைப் பாடம் மாதிரி மனதில் எழுதிக்கொண்டோம். பாயம்மாவின் கட்டி என்றால் சர்க்கரை, சர்க்கரை இறங்கினால் கட்டி ஆறும்.

அடுத்த வருஷம் ஒரு காலையில் ஊசி போட்டுக்கொண்டே பாயம்மா சாதாரணமாகச் சொன்னார். "நர்ஸம்மா, உன் கட்டி மறுபடி வந்துகீது. இந்தவாட்டி எடம் மாறிப்போச்சு." இடது மார்பின் மேல்பக்கம், அக்குள் ஓரமாக என் கையை வைத்துக் காட்டினார். கடுக்காய் அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது.

டாக்டர் அன்றே பாயம்மா வீட்டுக்கு வந்து திரைக்கு வெளியே நின்றார். கரீம் பாயும் பக்கத்தில் நின்றார்.

"சூடு இருக்கா?"

"இல்லீங்க."

"அமுங்கறதா?"

"இல்லீங்க. கெட்டியா இருக்குதுங்க."

"வலி?"

"இல்லேன்றாங்க."

"போன தடவையும் வலி இல்லைன்னுதானே சொன்னா? இன்னும் பழுக்கலை. சர்க்கரையை இறக்கிட்டா தானே அடங்கிடும்."

நான் தொட்டதை அப்படியேதான் சொன்னேன். அவரும் தெரிந்ததைத்தான் சொன்னார். அந்தக் கட்டி வேறு எதுவாகவும் இருக்கலாம் என்று அந்த அறையில் இருந்த யாருக்கும் தோன்றவில்லை. பென்சிலின் ஊசி போட்டோம். மெக்னீசியம் சல்பேட்டைக் கிளிசரினில் குழைத்துப் பற்றுப் போட்டோம். இன்சுலினைக் கூட்டினோம். அரிசிச் சோறு நின்றது. பேரீச்சம்பழம் வீட்டை விட்டே வெளியேறியது.

பாயம்மா பயந்துபோய் நாங்கள் சொன்னதற்கு மேலேயே பத்தியம் இருந்தார். ஆவாரம்பூக் கஷாயம் வேறு குடித்தார். கேழ்வரகுக் கூழும் கீரையும்தான் சாப்பாடு. குழாய் மஞ்சளுக்கு வந்தது, பச்சைக்கு வந்தது. பிறகு நீலமாகவே நின்றது. கட்டி மட்டும் அப்படியே இருந்தது. நாளாக ஆக அது பெரிதாவதும் என் விரலுக்குத் தெரிந்தது.

இங்கேதான் நாங்கள் கெட்டோம்.

நீலம் நிற்கிறது, கட்டி ஆறவில்லை. அப்படியென்றால் இந்தக் கட்டி சர்க்கரையால் வந்ததல்ல என்றுதானே யோசித்திருக்க வேண்டும்? மூன்று பேரில் ஒருவருக்கும் அந்த வழியில் புத்தி போகவில்லை. கம்பவுண்டர் குழாயைக் குலுக்கிக்கொண்டே சொன்னார்.

"இது பாயம்மாவுது இல்ல சார். அவங்களுது என்னிக்கு நீலமா நின்னுச்சு? அந்த வூட்டுல வேல செய்யுற மலைக்காரப் பொண்ணு சின்னப்பொண்ணு இருக்குதே, அதுங்கிட்ட வாங்கி அனுப்புறாங்க. கட்டி ஆறாம கீதே, அதுவே சாட்சி."

டாக்டர் குழாயை வாங்கித் தாங்கியில் வைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, தயங்கித் தயங்கி, "நீங்க கூட இருந்து பிடிச்சுண்டு வாங்கோம்மா" என்றார். அவருக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னார். எனக்கும் கூச்சமாக இருந்தது. ஆனாலும் போனேன். போகும்போது கம்பவுண்டர் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்றுகூட நினைத்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை.

கொல்லைப்புறத்தில் ஓலைத் தடுப்புப் போட்ட குளியல் மறைப்பு. கையில் சீசாவோடு நானும் உள்ளே வருவதைப் பார்த்துப் பாயம்மா முதலில் சிரித்தார்.

"இன்னா நர்ஸம்மா, வழி தெரியாதுன்னு கூட வர்றியா?"

"டாக்டர் சொல்லியிருக்காருங்க. நான் பார்த்துப் பிடிக்கணுமாம்."

சிரிப்பு போய்விட்டது. "ஏன்? வேற யாருதையோ குடுக்குறேன்னா?"

நான் சீசாவின் மூடியைத் திறந்தேன்.

"என் வயசுக்கு என் மருமவ எதிருல கூட நான் முக்காடு எடுத்ததில்ல. தெரியுமில்ல உனக்கு?"

"பாயம்மா, உங்க நல்லதுக்குத்தான்..."

"சரி, சரி. புடி."

அவர் உட்கார்ந்தார். முகத்தை ஓலைப்பக்கம் திருப்பிக்கொண்டு சீசாவை நீட்டினேன். பார்த்துப் பிடிக்கச் சொன்னதை அப்படியே செய்யக்கூட எனக்குத் துணிச்சல் இல்லை. சந்தேகப்படுவதற்கு மட்டும் இருந்தது.

வெளியே வந்தால் முற்றத்தில் கரீம் பாய், மருமகள், சின்னப்பொண்ணு மூன்று பேரும் நின்றிருந்தார்கள். நான் எதற்காக உள்ளே போனேன் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

அன்றைக்கும் குழாய் நீலமாகத்தான் நின்றது.

டாக்டர் அதை ஜன்னலுக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ சாயந்தரத்துல ஏதோ சாப்பிடறா. காலைக்குள்ள வடிஞ்சுடறது" என்றார். நாங்கள் அதையும் நம்பினோம். நான் போய் கரீம் பாயிடம் சொன்னேன். அவர் அன்றே சமையற்கட்டு அலமாரிக்குப் பூட்டுப் போட்டார். மருமகள் மாமியாரின் தலையணைக்கு அடியில் தேடினாள். புருஷனுக்கு மரியாதை குறைந்தது, மருமகளுக்குப் பயம் போனது. அந்த வீட்டில் ராணி மாதிரி இருந்த மனுஷி, வெல்லம் திருடுகிற குழந்தை மாதிரி ஆகிப்போனார். செய்தது நாங்கள்.

பாயம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சாப்பாட்டை இன்னும் குறைத்துக்கொண்டார். உடம்பு வற்றியது. "நல்லா எளச்சிட்டீங்க பாயம்மா, இதுதான் வேணும்" என்று நான் வாய் திறந்து பாராட்டினேன். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. டீ வாசம் பிடிப்பதும் நின்றுபோயிற்று. ஊசியைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

கடைசியில், பழுக்காவிட்டாலும் கீறிவிடலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். கத்தி வைப்பதென்றால் என் கையும் வாயும் போதாது. அவரே பார்த்தாக வேண்டும். கரீம் பாயிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் அனுமதி கேட்டார். கரீம் பாய் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். டாக்டர் கை கழுவினார். நான் கொதிக்க வைத்த கத்தியையும் இடுக்கியையும் தட்டில் அடுக்கி, கட்டியைச் சுற்றி மட்டும் தெரிகிற மாதிரி துணி போர்த்தி வைத்திருந்தேன்.

அவர் துணியை இன்னும் கொஞ்சம் விலக்கினார். மார்க்காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. கட்டியின் மேல்தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி குழி குழியாக இருந்தது. தினமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது பற்றுப் போட்டதால் வந்த சுருக்கமாகத்தான் தெரிந்திருந்தது. அவர் கட்டியை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. அக்குளில் விரலை வைத்தார். அங்கேயும் இருந்தது. அக்குளில் பார்க்கும்படி அவர் என்னைக் கேட்டதில்லை, நானாகவும் பார்த்ததில்லை.

கத்தியை எடுக்கவே இல்லை. துணியை மெதுவாக இழுத்து மூடினார். மறுபடியும் போய்க் கை கழுவினார். ரத்தமே படாத கையை அவர் அத்தனை நேரம் கழுவி நான் பார்த்ததில்லை.

"இது சர்க்கரைக் கட்டி இல்லைம்மா" என்றார், என்னைப் பார்க்காமல்.

வாசலில் கரீம் பாயிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "புத்துநோய்னு தோண்றது. உடனே வேலூருக்கு அழைச்சுண்டு போகணும். ஆரம்பத்துலயே அனுப்பியிருக்கணும். அனுப்பாதது என் தப்பு. உங்க வீட்டம்மா எதையும் மறைக்கலை. சோதனை எல்லாம் உண்மை. அவங்களைச் சந்தேகப்பட்டதுக்கு நான் உங்ககிட்டயும் அவங்ககிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்." கை கூப்பினார். எங்கள் டாக்டர் அழுத்தமாகப் பேசியது அன்று ஒருநாள்தான்.

கரீம் பாய் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து அலமாரிச் சாவியைக் கழற்ற முயன்றார். வளையத்திலிருந்து அது கழலவில்லை. கொத்தோடு உள்ளே எடுத்துப் போய் மனைவியின் மடியில் வைத்துவிட்டு வந்து ஜீப்புக்கு ஆள் அனுப்பினார்.

வேலூரில் மார்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் நோய் அக்குளைத் தாண்டிப் போய்விட்டது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மலைக்குத் திரும்பி வந்தபோது இடது கை வீங்கியிருந்தது.

ஒருநாள் நான் டாக்டரைக் கேட்டேன். "சக்கரைக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமாங்க?" அவர் யோசித்து, "நான் படிச்சதுல இல்லைம்மா. தெரியலை" என்றார். உண்மையான பதில்தான். பிறகு அவர் மருந்தகத்தில் ஒரு மாற்றம் செய்தார். எந்தப் பெண்ணுக்கு மார்பில் கட்டி என்றாலும், அவளிடம் பதமாகக் கேட்டு, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தானே பார்த்தார். ஒருத்தியும் மறுக்கவில்லை. இதைப் பாயம்மாவிடம் சொன்னபோது அவர் சொன்னார்: "என்னையும் கேட்டிருந்தா காட்டியிருப்பேனே. முக்காடு தலைக்குத்தானே, உசுருக்கா? ஒருத்தரும் கேக்கலியே."

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போகவே எனக்குக் கால் வரவில்லை. ஊசி போட வேண்டியிருந்ததால் போனேன். முதல் நாள் அவர் காலைத் தொட்டேன். காலை இழுத்துக்கொண்டார்.

"அய்ய, இன்னா இது! எங்கள்ல மனுசங்க கால்ல மனுசங்க வுழக்கூடாது, எழுந்திரு."

"நான் உங்களை நம்பலியே பாயம்மா."

"நம்பல. ஆனா அன்னிக்கு நீ மூஞ்சத் திருப்பிக்கினே, பாத்தேன். என் புருசன் அலமாரியப் பூட்டுறப்போ அவரு மூஞ்சத் திருப்பிக்கல." ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டே, "போ, ரெண்டு டம்ளர் டீ சொல்லு" என்றார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் அந்த வார்த்தையைக் கேட்கவில்லை.

பனிக்காலத்தில் வாணியம்பாடியிலிருந்து அவருடைய தங்கை மெஹருன்னிசா வந்தார். அக்காவைப் போலவே உடம்பு. அந்த அம்மாவுக்கும் சர்க்கரை. நான் ஊசி போட்டு முடித்ததும் பாயம்மா கதவைச் சாத்தச் சொன்னார்.

"இவளப் பாரு நர்ஸம்மா."

"டாக்டரை வரச் சொல்றேனே."

"அவரு அப்புறம் பாக்கட்டும். முதல்ல நீ பாரு. எனக்கு சக்கரையும் வந்துச்சு, இதுவும் வந்துச்சு. இவளுக்கு சக்கரை வந்துகீது. ரெண்டுக்கும் இன்னா ஒறவோ அல்லாவுக்குத்தான் தெரியும். நான் போறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாவணும்."

தங்கை இரண்டு கையாலும் துப்பட்டியை இறுக்கிக்கொண்டார். "வேணாம் ஆபா. எனக்கு வெக்கமா கீது. எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே."

"வெக்கமா? நான் பட்ட வெக்கம் நம்ம ரெண்டு பேருக்கும் போதும்டி. எடு கைய."

அப்புறம் என் வலது கையை இழுத்தார். தன் ரவிக்கையைத் தளர்த்தி, ஆறிய தழும்புக்கு மேலே, காறையெலும்பின் பள்ளத்தில் என் விரல்களை வைத்து, மேலே தன் விரல்களால் அழுத்தினார். சின்னதாக, கல் மாதிரி ஒன்று. புதிதாக வந்திருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று பாயம்மாவுக்கும் எனக்கும் தெரியும்.

"இதுதான் அது. சூடு இல்ல, வலி இல்ல, அமுங்கல, நவுரல. நல்லா தொட்டுக்கோ. போன தடவ உன் கைக்கு இது தெரியாது. இப்பத் தெரியுதில்ல?"

"தெரியுது பாயம்மா."

"அழுவாத. கை நடுங்கினா எப்டிப் பாப்பே? இப்ப அவளப் பாரு."

நான் முருகனை நினைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். தங்கையைப் படுக்க வைத்து இரண்டு மார்பையும், இரண்டு அக்குளையும், காறைக்குழியையும் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். எங்கேயும் எதுவும் தட்டுப்படவில்லை. எல்லாம் மெத்தென்று இருந்தது.

"ஒண்ணும் இல்ல பாயம்மா. நல்லா இருக்காங்க."

அவர் தலையணையில் சாய்ந்தபடி என் முகத்தையே பார்த்தார். நம்பலாமா என்று பார்க்கிற பார்வை. அப்படி என்னைப் பார்க்க அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

"மறுபடியும் பாரு" என்றார்.

மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன்.